அத்தையின் இடது பின்சக்கரம்

சமையலறையில் டெலிபோன் ரிசீவரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. முட்டையைக் கிண்ணத்தில் வைப்பது போல, மெத்தென்று வைத்த சத்தம்.

குளியலறையில் நின்று, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்த கண்ணாடிக்காரர் துணியைக் கீழே வைத்தார். இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் அவர் உருப்படியாகக் கற்ற பாடம் ஒன்று உண்டு. மனைவி ரிசீவரை டொக்கென்று வைத்தால் சண்டை இன்னும் பாக்கி இருக்கிறது. மெத்தென்று வைத்தால் தீர்ப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று.

“என்னங்க, சனிக்கிழமை பத்து மணிக்கு மெக்கானிக் வராரு.”

“எதுக்கு?”

“காரைப் பார்க்க.”

“காருக்கு என்ன?”

“அதைச் சொல்லத்தான் வராரு. அவர் ஓடும்னு சொன்னா பிள்ளை திங்கக்கிழமையிலேருந்து கார்ல போய் வரட்டும். ஓடாதுன்னு சொன்னா அந்த ரூமுக்குப் போகட்டும். அதுக்கப்புறம் இந்த வீட்ல யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நானும்தான்.”

கண்ணாடிக்காரர் குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கைப்பிடியில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன.

விஷயம் இதுதான். ஒரே மகள். பால் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. நிலையம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி, மலைச்சரிவில் இருந்தது. காலை ஐந்தரைக்கு முதல் வண்டிப் பால் வந்து இறங்கும்போது அவள் அங்கே வெள்ளைக் கோட்டோடு நிற்க வேண்டும். முதல் பஸ்ஸோ ஏழு மணிக்குத்தான் அங்கே போய்ச் சேரும். நிலையத்துக்குப் பக்கத்திலேயே கூட வேலை பார்க்கிற ஒரு பெண் அறை எடுத்திருந்தாள். அதில் ஒரு கட்டில் காலி. ஆக, ஒன்று கார், இல்லையென்றால் கட்டில்.

‘நீ போக வேண்டாம்மா’ என்று சொல்ல மூன்று சொல் போதும். அந்த மூன்று சொல்லும் கண்ணாடிக்காரருக்குத் தொண்டைக்குழியில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டன. பெற்ற மனம் பித்து என்பார்கள். இவருடைய பித்தோ, கடைக்குப் போய்க் கூரை ஒழுகலுக்கு ஒட்டுகிற தார்ப் பட்டை இரண்டு ரோல் வாங்கி வந்துவிட்டது. ஏன் தார்ப் பட்டை என்று கேட்டால், அதற்கு அந்தக் காரின் கதையைச் சொல்ல வேண்டும்.

கார் மகளைவிட ஒரு வயது இளையது. இருபத்து மூன்று. மூன்று வயதில், வேறு ஒருவர் ஓட்டி அலுத்த பிறகு, இந்த வீட்டுக்கு வந்தது. அப்போது வெண்ணெய் நிறம் என்று சொல்லிக்கொண்டார்கள். இப்போது அந்த நிறத்துக்குப் பெயர் இல்லை. ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது மகள் அதற்கு ‘அத்தை’ என்று பெயர் வைத்தாள். வாசலுக்கு வந்ததும் ஒரு இருமல், உள்ளே வந்ததும் ஒரு புலம்பல், போகும்போது கொஞ்சம் புகை. கதைகளில் வருகிற அத்தைகளெல்லாம் அப்படித்தானே இருக்கிறார்கள் என்பது அவள் நியாயம். கூடப்பிறந்த பெண் யாரும் இல்லாத கண்ணாடிக்காரர் முதலில் முறைத்தார். பிறகு ஒரு மழைநாள் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் நின்ற வண்டியின் மேல் கையை வைத்து, “அக்கா, மானத்தை வாங்காதே” என்று அவரே கெஞ்சினார். அன்றோடு உறவு உறுதியாகிவிட்டது.

அவருக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில், திரைக்குப் பின்னால். லென்ஸை ஃபிரேமுக்குத் தக்கபடி தேய்த்துப் பொருத்துவார். முப்பது வருடமாக ஒரு சாணைக்கல் மெஷின் அவர் காதுக்கு ஒரு முழ தூரத்தில் ‘ஊ’ என்று ஓடிக்கொண்டிருந்தது. அரை மில்லிமீட்டர் பிசகினால் ராத்திரி தூக்கம் வராது. கடையில் அப்படிப்பட்ட மனிதர், கார் பக்கத்தில் போனால் மட்டும் கண்ணளவும் கையளவும் போதும் என்று இறங்கிவிடுவார். காரணம் கேட்டால், “கடைல அடுத்தவன் கண்ணு. இது நம்ம கார்” என்பார்.

சீட் உறை வாங்கினார். அது வேறு ஒரு மாடலுக்குத் தைத்தது. அண்ணன் சட்டையைத் தம்பி போட்டது போலத் தொளதொளவென்று தொங்கியது. உட்கார்ந்து எழுந்தால் கூடவே எழுந்து வந்தது. பின்னால் பார்க்கிற கேமரா ஒன்றை மலிவாக வாங்கி அவரே மாட்டினார். திரையில் மொத்தத் தெருவும் தலைகீழாகத் தெரிந்தது. “லென்ஸ்னா பிம்பம் தலைகீழாத்தான் விழும், அது பௌதிகம்” என்று இரண்டு நாள் வாதாடினார். மூன்றாம் நாள் மகள் கேமராவைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினாள். பௌதிகம் அத்தோடு வாயை மூடிக்கொண்டது.

இதெல்லாம் பழைய கதை. புதிய கதை போன ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது.

அவருடைய மனைவி பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்திரண்டு வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து போன வருடம்தான் ஓய்வு பெற்றாள். ‘ஹலோ’ சொல்வதற்கு முன்னால் விடுகிற மூச்சை வைத்தே எந்த வார்டு டாக்டர் என்று சொல்லிவிடுவாள். பாம்புச் செவி. அந்த ஞாயிறு, முன்சீட்டில் உட்கார்ந்து வந்தவள் சட்டென்று கையை உயர்த்தினாள்.

“பேசாதீங்க. ஒரு சத்தம் வருது.”

“என்ன சத்தம்?”

“ஊன்னு. வேகமாப் போனா ஏறுது, மெதுவாப் போனா இறங்குது. பின்னாடி, இடது பக்கம்.”

“ரோடு சத்தம்.”

“ரோடு மாறுது. சத்தம் மாறலையே.”

“டயர் சத்தம்.”

“உங்களுக்குக் கேக்குதா, கேக்கலையா? அதைச் சொல்லுங்க.”

அவர் பேச்சைக் கதவுப் பக்கம் திருப்பினார். பழைய வண்டி, கதவெல்லாம் வெறும் தகரம், அதனால்தான் வெளிச் சத்தமெல்லாம் உள்ளே வருகிறது என்று பத்து நிமிடம் பேசினார். பேசப் பேச அவருக்கே அது பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றியது. விலை உயர்ந்த கார்களில் கதவுக்குள்ளே சத்தம் தாங்குகிற பாய் ஒட்டியிருப்பார்கள் அல்லவா? அந்தப் பாயின் விலையைக் கேட்டால் கதவையே புதிதாக வாங்கிவிடலாம். தார்ப் பட்டையும் கிட்டத்தட்ட அதே ஜாதிதான். கறுப்பாக இருக்கிறது, கனமாக இருக்கிறது, ஒரு பக்கம் வெள்ளிக் காகிதம்கூட இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

அப்படி வந்ததுதான் அந்த இரண்டு ரோல். புதன்கிழமை சாயங்காலம் இரண்டு கதவுகளின் உள்பலகையைக் கழற்றி ஒட்டிவிட்டுக் கை கழுவும்போதுதான், பாம்புச் செவி மெக்கானிக்குக்குப் போன் பண்ணித் தீர்ப்பு வாங்கி வைத்தது.

வியாழக்கிழமை மீதி இரண்டு கதவும் முடிந்தன. தரைக்குப் பட்டை போதவில்லை. போனால் போகிறது, சத்தம் தரை வழியாகவா வரப்போகிறது என்று விட்டுவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் கழற்றிப் போட்ட பாட்டுப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி மாட்டினார். அதை வைத்தால் இன்ஜின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்றே தெரியாது. அதுதான் அதன் பெருமை.

ஒரே ஒரு வேலையை மட்டும் அவர் ஒழுங்காகச் செய்தார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். முன்விளக்கு இரண்டும் மஞ்சள் பூத்து, புரை விழுந்த கண் போல இருந்தன. கடையில் லென்ஸ் மெருகேற்றுகிற பசையைக் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார். முதலில் ஈர உப்புத்தாள், பிறகு அதைவிட மெல்லியது, பிறகு பசை, பிறகு மெல்லிய துணி. மூன்று மணி நேரம் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முப்பது வருடத் தொழிலை அந்த இரண்டு பிளாஸ்டிக் மூடிகளில் இறக்கினார். அதிகாலை நாலரை மணி இருட்டில் மலைப்பாதையில் பிள்ளை ஓட்ட வேண்டுமே. முடித்துவிட்டு எழுந்தபோது முழங்கால் இரண்டும் கார் கதவு போல முனகின. விளக்குகள் மட்டும் ஓடைத் தண்ணீராக இருந்தன.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அவர் கடைக்கு லீவு சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் வெயில் கொளுத்தியது. மகள் மாடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு இறங்கி வந்தவள் அப்படியே நின்றாள்.

“அப்பா, அத்தை அழறா.”

கண்ணாடிக்காரர் ஓடி வந்து பார்த்தார். நான்கு கதவுகளின் அடியிலிருந்தும் கறுப்புக் கண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கூரையில் ஒட்டுகிற தார், மூடிய கதவுக்குள் வெயிலில் வெந்தால் என்ன ஆகும் என்று ரோலின் மேல் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தாலும் படித்திருக்க மாட்டார்.

“லேசா இளகியிருக்கு. சாயங்காலம் இறுகிடும்.”

“இந்தக் கண்ணாடி இறங்கவே இல்லையேப்பா. ஒட்டிக்கிச்சு.”

“இறங்காதது நல்லதுதான். தூசி வராது.”

மகள் துணி மூட்டையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. அப்பாவின் முழங்கையில், காது ஓரத்தில், மூக்கு நுனியில் எல்லாம் தார்.

“எதுக்குப்பா இவ்ளோ கஷ்டப்படறீங்க? ரூம் நல்லாத்தான் இருக்கு. நான் போய்ப் பார்த்துட்டு வந்தேனே.”

இதுதான் நேரம். மூன்று சொல். கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். மீன்முள் அசைந்தது. மேலே வருகிற மாதிரிகூட இருந்தது.

“இன்டிகேட்டர் பல்பு ஒண்ணு மாத்தணும்” என்றார்.

மகள் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே போனாள். வாசற்கதவு அவளுக்குப் பின்னால் கிரீச்சென்று கத்திக்கொண்டு மூடியது. ஆறு வருடமாக அந்தக் கதவு அப்படித்தான் கத்துகிறது. காருக்குப் போட்ட எண்ணெயில் அரைச் சொட்டுகூட அந்தக் கீலுக்குக் கிடைத்ததில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு மெக்கானிக் வந்தார். நாற்பது வயது, குளித்து, தலை வாரி, சலவைச் சட்டை. லீவு நாள், அக்கா கூப்பிட்டாரே என்று வந்திருந்தார். கண்ணாடிக்காரர் அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், புதுப் பெண்ணைக் காட்டுவது போல முன்விளக்குகளைக் காட்டினார்.

“அண்ணே, புதுசு போட்டீங்களா?”

“பழசுதான் தம்பி. தேய்ச்சேன்.”

மெக்கானிக் குனிந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நிஜமாகவே வியந்தார். “எங்க ஷெட்டுக்கு வந்துடுங்கண்ணே. இதுக்கு ஆள் கிடைக்காம அலையறேன்.”

அந்தச் சூட்டோடு சூடாக மெக்கானிக்கை வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்தினார் கண்ணாடிக்காரர். கதவு ‘தொப்’ என்று கனமாக, பணக்கார வீட்டுக் கதவு போலச் சாத்திக்கொண்டது. மெக்கானிக் புருவத்தை உயர்த்தினார். தெருவில் ஒரு சுற்று. நடுவிலே பாட்டுப்பெட்டியின் பெருமை. பிரேக், கிளட்ச், ஸ்டீயரிங் எல்லாம் பார்த்தார். தெருவில் குழந்தைகள் சைக்கிள் ஓட்டியதால் வேகம் போகவில்லை. திரும்பி வந்து, பானெட்டைத் தூக்கி, பெல்ட்டைத் தட்டி, எண்ணெய் பார்த்து, மூடினார்.

கூடத்தில் அவருக்கு டீ வந்தது. தாயும் மகளும் எதிரே நின்றார்கள். கண்ணாடிக்காரர் மட்டும் சுவரைப் பார்த்தபடி நின்றார். கோர்ட்டில் கூண்டில் நிற்கிறவன்கூடக் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பான்.

“வயசான வண்டிதான். ஆனா நல்லா வெச்சிருக்காரு” என்றார் மெக்கானிக். “ஓட்டலாம்க்கா.”

கண்ணாடிக்காரரின் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைத் தார் நெடி என்று எல்லாரும் நினைத்திருக்க வேண்டும்.

“சத்தம் ஏதும் வந்துச்சா தம்பி?” என்று மனைவி கேட்டாள்.

“ஒண்ணும் வரலியேக்கா. சொல்லப்போனா உள்ள சத்தமே இல்ல.”

“அதான் எனக்கு உறுத்துது. போன ஞாயித்துக்கிழமை வந்தது எங்க போச்சு? மருந்து குடுத்தாங்களா, இல்ல வாயைப் பொத்தினாங்களா?”

அவள் மெத்தென்று கேட்டாள். ரிசீவரை வைத்தது போல.

“தம்பி, டீயைக் குடிங்க. அஞ்சே நிமிஷம்.” கணவன் பக்கம் திரும்பினாள். “உங்க போன்லேருந்து வீட்டு நம்பருக்குப் போடுங்க. போட்டுட்டு, போனைத் துண்டுல சுத்தி, பின்சீட்டுக்குக் கீழ இடது பக்கம் தரையில வைங்க. பாட்டு வேண்டாம். பெரிய ரோட்டுல கொஞ்ச தூரம் வேகமாப் போயிட்டுத் திரும்புங்க.”

“எதுக்கு?”

“எனக்குப் போன்ல கேட்டாத்தான் நம்பிக்கை. கண்ணால பார்க்கிறவங்களை விட போன்ல பேசறவங்கதான் எனக்கு நல்லாத் தெரியும்.”

உலகத்தில் எந்தக் காரையும் எவரும் இப்படிப் பரிசோதித்திருக்க மாட்டார்கள். மறுத்தால் குற்றம் உறுதியாகிவிடும். கண்ணாடிக்காரர் போனைத் துண்டில் சுற்றிக் குழந்தையைக் கிடத்துவது போலத் தரையில் கிடத்திவிட்டுக் கிளம்பினார்.

பெரிய ரோடு காலியாக இருந்தது. அவர் வேகம் பிடித்தார். மூடிய கண்ணாடி, தார் ஒட்டிய கதவு, கோயில் மணிக்குள் உட்கார்ந்தது போன்ற அமைதி. மெக்கானிக்கே ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். பாதி ஜெயித்தாயிற்று. நெஞ்சு லேசானது. நெஞ்சு லேசானால் சில மனிதர்கள் பாடுவார்கள். கண்ணாடிக்காரர் காரோடு பேசுவார். இருபது வருடப் பழக்கம். பின்னால், தரையில், துண்டுக்குள் ஒரு போன் கண் விழித்துக் கிடப்பதை அவர் அடியோடு மறந்துபோனார்.

“அக்கா,” என்றார், ஸ்டீயரிங்கைத் தடவி. “பாதிக் கிணறு தாண்டியாச்சு. அந்தப் பையன் நல்ல பையன். பாட்டுக் கேட்டு மயங்கிட்டான். இனி அந்தப் பாம்புச் செவியைச் சமாளிச்சுட்டாப் போதும். இவ ஆஸ்பத்திரியிலேயே இன்னும் பத்து வருஷம் இருந்திருக்கலாம், நமக்கு நிம்மதி.”

வண்டி மேட்டில் ஏறியது.

“ஒரு வருஷம்க்கா. ஒரே ஒரு வருஷம் தாக்குப்பிடி. நீ நின்னுட்டா அவ கட்டிலைத் தேடிப் போயிடுவா. அப்புறம் நாங்க ரெண்டு பேரும் மூஞ்சியை மூஞ்சி பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். காலைல நாலு மணிக்கு நானே எழுந்து ஃபிளாஸ்க்ல டீ ஊத்திக் குடுப்பேன். வாசல்ல நின்னு டாட்டா காட்டுவேன். அதுக்குத்தான் இவ்ளோ கூத்தும். அவகிட்ட வாயைத் திறந்து சொல்ல வரலை. என்ன அப்பன் நான்.”

தன் பேச்சைத் தானே கேட்டு உருகுகிற வரம் சிலருக்குத்தான் வாய்க்கும். அவருக்குத் தாராளமாக வாய்த்திருந்தது. சட்டைத் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சட்டையில் இருந்த தார் கன்னத்துக்கு வந்தது.

“அந்த ஊ சத்தம் இருக்கே, அது எனக்கும் கேக்கத்தான் செய்யுது. அது உன் சத்தமா, கடை மெஷின் என் காதுல விட்டுட்டுப் போன சத்தமான்னுதான் தெரியலை. தெரியாமலே இருக்கட்டும்னுதான் பட்டை ஒட்டினேன். உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். நீதான் வெளியில சொல்லமாட்டே.”

அப்படி அவர் அக்காவிடம் அந்தரங்கம் பேசி, மனசு கழுவிய மாதிரியாகி, திரும்பி வந்து வண்டியை நிறுத்தினார். பின்கதவைத் திறந்து துண்டை எடுத்தார். துண்டுக்குள் வெளிச்சம் இருந்தது. பன்னிரண்டு நிமிடம், நாற்பது நொடி என்று போன் காட்டியது. பார்க்கும்போதே அது நாற்பத்தொன்று ஆயிற்று.

பூமி பிளக்கவில்லை. இந்த மாதிரிச் சமயங்களில் அது பிளப்பதே இல்லை.

உள்ளே போனார். கூடத்தில் யாரும் இல்லை. மூவரும் சமையலறையில், ஸ்பீக்கர் பொத்தான் அழுத்திய டெலிபோனைச் சுற்றி நின்றார்கள். மெக்கானிக் டீ தம்ளரின் அடியில் ஏதோ எழுதியிருப்பது போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அவள் தோள் ஆடியது. அது சிரிப்பா, அழுகையா என்று பின்னாலிருந்து சொல்ல முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இரண்டும்தான்.

“பேரிங் அண்ணே,” என்றார் மெக்கானிக், தம்ளரிடம். “பின்னாடி, இடது பக்கம். அக்கா சொன்ன இடம்தான். தெளிவாக் கேட்டுச்சு.”

“தெளிவாவா?”

“எல்லாமே தெளிவாக் கேட்டுச்சுண்ணே.”

“தரைக்குப் பட்டை போதலை” என்று கண்ணாடிக்காரர் முனகினார். வேறு என்ன சொல்வது?

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தில் தார், அதன் நடுவே நீர் ஓடிய கோடு. இத்தனை வருடமும் கேட்டே பழகியவள், இப்போது பார்த்தாள். “இன்னும் பத்து வருஷம் நான் ஆஸ்பத்திரியிலேயே இருந்திருக்கலாம்தான்” என்றாள். “பாம்புக்கு நம்ம வீட்ல என்ன வேலை?” ஆனால் சொல்லிக்கொண்டே முந்தானை நுனியில் எண்ணெய் தொட்டு அவர் கன்னத்தைத் துடைத்தாள். எரிகிற அளவுக்கு அழுத்தித்தான் துடைத்தாள்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, இடது பின்சக்கரத்தைக் கையால் சுற்றினார் மெக்கானிக். ‘கொர்ர்’ என்று அரைத்தது. மேலும் கீழும் ஆட்டினால் பால் பல் போல ஆடியது.

“இன்னும் ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடலாம். திங்கக்கிழமை காலைல மலையில நிக்கவும் செய்யலாம். பேரிங் நாள் குறிச்சுட்டுப் போகாதுண்ணே. நான் வேற ஓட்டலாம்னு சொல்லிட்டேன். அக்கா மட்டும் விட்டிருந்தா…” சலவைச் சட்டையெல்லாம் தார். அதையும் அவர் பெரிதுபடுத்தவில்லை.

கண்ணாடிக்காரர் சக்கரத்தைப் பார்த்தபடி நின்றார். இருட்டு, மலைப்பாதை, வளைவு, ஓடைத் தண்ணீர் போன்ற இரண்டு விளக்குகள், அவற்றின் பின்னால் பிள்ளை. சக்கரத்தின் வாயைப் பொத்திப் பிள்ளையை அனுப்ப இருந்தது அவர்தான். படியில் உட்கார்ந்தார்.

மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“பேரிங் எப்ப கிடைக்கும்ணா?” என்று மெக்கானிக்கைக் கேட்டாள்.

“பழைய மாடல். சொல்லி வரவழைக்கணும். வியாழக்கிழமை ஆயிடும். அப்படியே இந்தத் தாரையும் சுரண்டி எடுத்துடறேன். கண்ணாடி இறங்கணும்ல.”

“சரி. இந்த வாரம் ரூம்” என்றாள் மகள். பிறகு அப்பாவிடம், தாழ்ந்த குரலில்: “அப்பா, வண்டி ரெடியானாலும் தினமும் என்னால நாலு மணிக்கு எழுந்துக்க முடியாதுப்பா. நான் தூங்குமூஞ்சி. உங்களுக்கே தெரியும். வாரத்துல அஞ்சு நாள் அங்க இருக்கேன். அத்தையை என்கூட அனுப்புங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளை எடுத்துட்டு இங்க வந்துடறேன். ஞாயித்துக்கிழமை ராத்திரி வரைக்கும் உங்களுக்கு எதாவது முடுக்கணும்னா முடுக்கிக்கலாம்.”

பிள்ளையைத் தக்கவைக்கக் காரைச் சீர்செய்யப் போனவருக்கு, பிள்ளையும் போயிற்று, காரும் போயிற்று. இதை இவ்வளவு திறமையாகச் செய்து முடிக்க இன்னொருவரால் முடியாது என்று கண்ணாடிக்காரர் மனதுக்குள் தன்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டார். ஆனாலும் தொண்டையில் ஏதோ வழுக்கியது. முள் எங்கேயோ போய்விட்டிருந்தது.

“நீ போக வேண்டாம்மா” என்றார்.

“ம். போன்ல கேட்டேன்.”

“அது கார்கிட்ட சொன்னது. இது உன்கிட்ட.”

“சரிப்பா.”

“ஆனா போ.”

மகள் அவர் தோளில் தலையைச் சாய்த்தாள். தார் அவள் முடியிலும் ஒட்டியது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருவருமே விட்டுவிட்டார்கள்.

மெக்கானிக் சக்கரத்தை இறக்கி, நட்டுகளை முடுக்கி, கை துடைத்துக்கொண்டு விடைபெற்றார். ஷெட் வரை மெல்லவே ஓட்டிப் போவதாகச் சொன்னார். “அண்ணே, விளக்கு விஷயம் விளையாட்டுக்குச் சொல்லலை. ஞாயித்துக்கிழமைல வாங்க. நாலஞ்சு வண்டி நிக்குது.” வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார். ‘தொப்’. அந்த ஒன்று மட்டும் பணக்காரத்தனமாகவே இருந்தது.

அத்தை ஒரு இருமல் இருமிவிட்டு நகர்ந்தாள். தெருமுனை திரும்பிப் பெரிய ரோட்டில் ஏறியதும், தூரத்தில் ‘ஊ’ என்று ஒரு சத்தம் மெல்ல எழுந்து, நீண்டு, தேய்ந்தது. கடை மெஷின் காதில் விட்டுப்போன சத்தம் இப்படித் தூரம் போகாது.

“கேக்குதா?” என்று மனைவி உள்ளிருந்து கேட்டாள்.

“கேக்குது.”

அது முற்றிலும் அடங்கும்வரை கண்ணாடிக்காரர் வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கதவு கிரீச்சென்றது. அலமாரியில் மீதி இருந்த அரை முழத் தார்ப் பட்டையின் மேல் அவர் பார்வை போயிற்று.

“வேண்டாம்” என்றது சமையலறை.

அவர் எண்ணெய்ப் புட்டியை எடுத்து, கீலுக்கு இரண்டு சொட்டு விட்டு, கதவை ஒருமுறை திறந்து, மூடினார்.